ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் கழலக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஜீப்பை வாங்கி மலைப்பாதைக்குத் தோதாக மாற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் பின் ஆக்சிலை, அதாவது பின்சக்கரங்கள் இரண்டையும் தாங்கும் அச்சை, கொஞ்சம் கனமானதாக மாற்றிவிட்டால் அப்புறம் கவலை இல்லை என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். போடிநாயக்கனூரிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு இருபத்தாறு வருடம் ஜீப் ஓட்டியவன் நான். கடைசிப் பத்து வருடம் சொந்தமாகப் பட்டறையும் வைத்திருந்தேன். கனம் பார்த்து ஆக்சில் வாங்கினால் என்ன ஆகும், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது எனக்குப் பன்னிரண்டு பேர் உயிரை வைத்துத் தெரிந்த விஷயம்.

1997, ஆடி மாதம். ஏலக்காய் எடுப்பு தொடங்கியிருந்தது. அப்பா காலத்து வண்டி, உயரமான பானெட் வைத்த சிஜே 3பி என்ற பழைய ஜீப். விடிவதற்கு முன்னால் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலைச்சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, பூப்பாறை தாண்டி, தோட்டத்து மண் பாதைக்குள் இறங்கிவிட்டோம். அந்த வண்டியில் அத்தனை பேரை ஏற்றியிருக்கக் கூடாது. அன்றைக்கு எல்லோரும் ஏற்றினார்கள், நானும் ஏற்றினேன்.

மழையில் நனைந்த ஏற்றம், நடுவில் ஒரு பாறைப் படி. முதல் கியரில் இடது பின்சக்கரம் சேற்றில் சுற்றிக்கொண்டே போய்ப் படியில் பட்டுச் சட்டென்று பிடித்தது. 'டக்'கென்று ஒரு சத்தம். என்ஜின் ஓடுகிறது, கியர் விழுந்திருக்கிறது, வண்டி மட்டும் நகரவில்லை. அடுத்த நொடி பின்னால் உருளத் தொடங்கியது. பிரேக்கை மிதித்தேன், பெடல் பலகை வரைக்கும் போய்விட்டது. கை பிரேக்கை இழுத்தேன், அதிலும் பிடிப்பில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர், "தம்பி, சக்கரம் வெளிய வருதுய்யா" என்று கத்தினார். திரும்பிப் பார்த்தால் இடது பின்சக்கரம் பிரேக் டிரம்மோடும் சக்கரத்தின் குடமான ஹப்போடும் ஒரு முழம் வெளியே வந்து நிற்கிறது. கிளீனர் பையன் குதித்து முன்சக்கரத்துக்குப் பின்னால் கல் போட்டான். அந்தப் பக்கம் வண்டி உட்கார்ந்து, ஸ்பிரிங் பட்டையின் யூ போல்ட் தட்டு மண்ணைக் கிழித்துக்கொண்டு நின்றது. பள்ளத்துக்கும் எங்களுக்கும் நடுவில் நான்கடி இருந்திருக்கும். ஒரு அம்மாவுக்கு மணிக்கட்டில் அடி. மற்ற எல்லோரும் அவரவர் காலில் இறங்கினார்கள்.

ஆக்சிலுக்குள் இருந்து சக்கரத்தைச் சுற்றும் தண்டுதான் ஷாஃப்ட். முறிந்த ஷாஃப்டை அன்று சாயங்காலம் வெயிலில் வைத்துப் பார்த்தேன். முறிந்த முகத்தில் முக்கால் பங்கு கறுத்துப்போய் வழவழவென்று இருந்தது. குளத்துத் தண்ணீர் வற்ற வற்றக் கரையில் விழும் கோடுகளைப் போல வளைவு வளைவாகக் கோடுகள். மீதிக் கால் பங்கு மட்டும் உப்புக்கல்லை உடைத்த மாதிரி சொரசொரப்பாகப் பளபளத்தது. அதாவது முக்கால் ஷாஃப்ட் அதற்கு முன்பே முறிந்துவிட்டது. பல நாளாகக் கால் பங்கு இரும்பின் மேல்தான் அந்தப் பெண்களை ஏற்றிப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். விரிசல் தொடங்கியது கீ என்ற சின்ன இரும்புத் துண்டு உட்காரும் பள்ளத்தின் மூலையில்.

இதற்குக் காரணம் அந்த ஆக்சிலின் அமைப்பு. பழைய சிஜே வண்டிகளில் பின் ஷாஃப்டின் வெளிமுனை டேப்பராகக் கூம்பியிருக்கும். அதன் மேல் ஹப்பைச் செருகி, சுழலாமல் இருக்க ஒரு கீ வைத்து, ஒரே ஒரு பெரிய நட்டால் இறுக்கிக் காட்டர் பின் குத்தியிருப்பார்கள். அந்த ஷாஃப்ட்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது, வண்டியின் எடையைத் தாங்குவதும் அதுதான். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஷாஃப்டும் ஒரு தரம் மேலும் கீழுமாக வளைந்து நிமிர்கிறது. நட்டு சரியாக இறுகாவிட்டால் டேப்பரின் பிடி தளர்ந்து சுமை முழுவதும் கீயின் மேல் விழும். ஷாஃப்டே எடையையும் தாங்கும் இந்த அமைப்புக்கு செமி ஃப்ளோட்டிங் என்று பெயர். ஹப்புக்குப் பக்கத்தில் முறிந்தால் சக்கரத்தைப் பிடித்துவைக்க வேறு எதுவும் கிடையாது.

சக்கரம் போனால் பிரேக் ஏன் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிரம் ஹப்போடு சேர்ந்தே வெளியே வருகிறது. மிதித்ததும் ஷூ அளவுக்கு மீறி விரிகிறது, வீல் சிலிண்டர் பிஸ்டன் வெளியே தெறிக்கிறது, ஆயில் கொட்டிவிடுகிறது. பழைய ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட். ஆகவே நான்குமே போச்சு. கை பிரேக் சக்கரத்தில் கிடையாது, டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது முன் பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டியின் பின்னால், அங்கிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ஜாயிண்ட் ஷாஃப்டைப் பிடிக்கும். ஜாயிண்ட் ஷாஃப்டைப் பிடித்தாலும் முறிந்த பக்கம் சும்மா சுழலுவதால் இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் வழியாக நல்ல பக்கமும் விட்டுக்கொடுத்துவிடும். வண்டியைக் கியரில் போட்டு நிறுத்தினாலும் இதே கதைதான். அன்று நான் ஃபோர் வீல் போட்டிருந்தால் கை பிரேக் முன் ஆக்சில் வழியாகவாவது பிடித்திருக்கும். டயர் தேய்மானத்துக்குப் பயந்து போடாமல் விட்டேன். அந்தப் பாதையில் நான் செய்த பெரிய தவறு அது.

இனி லாரியைப் பாருங்கள். பின்சக்கரத்தின் நடுவில் ஒரு குமிழும் அதைச் சுற்றி வட்டமாக ஒரு வரிசை போல்ட்டும் தெரியும். அந்தப் போல்ட்டுகளைக் கழற்றினால் ஜாக்கி போடாமலேயே ஷாஃப்டை உருவி எடுத்துவிடலாம், சக்கரம் அசையாது. ஏனென்றால் ஹப் உட்கார்ந்திருப்பது ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங்கின் முனையில், இரண்டு பேரிங்கின் மேல். எடையை ஹவுசிங் தாங்குகிறது, ஷாஃப்டுக்குச் சுற்றுகிற வேலை மட்டும்தான். இது ஃபுல் ஃப்ளோட்டிங். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ராணுவ ஜீப்பின் பின் ஆக்சில் ஃபுல் ஃப்ளோட்டிங்தான். போர் முடிந்து ஊருக்கென்று வந்த சிஜே வண்டிகளில் ஆரம்பத்தில் அதே அமைப்பு இருந்து, பிறகு செமி ஃப்ளோட்டிங்குக்கு மாறிவிட்டது. எனக்கு மனசு ஆறாத விஷயம் இது. சிப்பாய்க்குக் கிடைத்த பாதுகாப்பு ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

போன மாதம் கம்பத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். பழைய ஜீப்புக்கு 2010க்குப் பிறகு வந்த மஹிந்திரா தார் வண்டியின் டீசல் என்ஜினை ஏற்றி, 33 அங்குல டயரும் போட்டிருந்தார். "அண்ணே, பின்னாடி டானா 44 போட்டுட்டா போதும்ல? அமெரிக்காக்காரன் எல்லாம் அதத்தான் போடுறான்" என்றார். வண்டிக்கு அடியில் கூட்டிப்போய்க் காட்டினேன். டானா 44 என்பது ஒரு அமெரிக்க ஆக்சில் வகை. அவர் வண்டியில் ஏற்கெனவே இருந்ததே டானா 44தான். சிஜே 3பிக்கு முதலிலிருந்தே பின்னால் வந்தது அந்த வகைதான். உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் எட்டரை அங்குலம், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை ஷாஃப்டின் முனையில். பிற்கால அமெரிக்க வண்டிகளில் அதே 44ஆம் நம்பரில் உள்முனையில் வெட்டிய 30 பல் ஸ்ப்ளைனும், சக்கரம் மாட்டும் தட்டாக ஷாஃப்டோடு சேர்த்தே அடித்த ஃபிளாஞ்சும் வருகிறது. நம்பர் ஒன்றாக இருப்பதை வைத்து இரண்டும் ஒன்று என்று வாங்கிவிடக் கூடாது.

அவர் அடுத்துக் கேட்டது, அமெரிக்காவில் ரேங்லர் ஜீப்புக்குப் பலரும் போடுகிற ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல ஆக்சிலைப் பற்றி. ரேங்லரில் வந்த டானா 35இன் கிரவுன் ஏழரை அங்குலம்தான். அதற்கு முன்னால் 31 ஸ்ப்ளைன் ஷாஃப்ட் உள்ள 8.8 கட்டாயம் பலசாலிதான். அந்த ஊரில் அது பிரபலமானதற்கு வேறு காரணமும் உண்டு. வீல் போல்ட்டுகளின் இடைவெளி ரேங்லருடையதோடு ஒத்துப்போகிறது, அகலமும் கிட்டத்தட்ட சரி, 1995க்குப் பிறகு வந்ததில் டிஸ்க் பிரேக்கும் சேர்ந்தே கிடைக்கிறது. காயலான் கடையிலிருந்து எடுத்து மாட்ட அவர்களுக்குத் தோது. ஆனால் அதன் ஷாஃப்டை உள்ளே பிடித்துவைப்பது டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சி வடிவக் கிளிப் ஒன்றுதான். வெளிப்பக்கம் எங்கே முறிந்தாலும் சக்கரம் தன் பாட்டுக்கு வெளியே வரப் பார்க்கும். பலம் கூடியிருக்கிறதே தவிர, முறிந்தால் என்ன என்ற கேள்விக்கு அங்கேயும் பதில் இல்லை. நம் ஜீப்புக்கு அகலமும் போல்ட் இடைவெளியும்கூடப் பொருந்தாது.

கொஞ்சம் கணக்கு. சிஜே 3பியின் 2.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின் தருவது சுமார் 155 நியூட்டன் மீட்டர் முறுக்கு. முதல் கியரில் 2.8 மடங்கு, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோவில் 2.46 மடங்கு, கிரவுனும் அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனும் சேர்ந்து 5.38 மடங்கு. பெருக்கினால் ஆக்சிலுக்கு வருவது சுமார் 5,700. அந்தத் தம்பி ஏற்றியிருக்கும் என்ஜின் 247. அதே கியர்களோடு கணக்குப் போட்டால் 9,000க்கு மேல் போகிறது. சேற்றில் இத்தனை முறுக்கும் டயர் வழுக்குவதில் கரைந்துவிடும், ஷாஃப்டுக்கு ஆபத்தில்லை. வழுக்கிச் சுற்றுகிற சக்கரம் கல்லில் சட்டென்று பிடிக்கும்போதுதான் முறியும். டயர் உயரமானால் தரை ஷாஃப்டை முறுக்குகிற நெம்புகோலும் நீளமாகிவிடும். அதற்கு மேல் லாக்கர், அதாவது இரண்டு பக்கமும் ஒன்றாகவே சுற்றும்படி டிஃபரன்ஷியலைப் பூட்டும் கருவி, போட்டால், சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு ஷாஃப்டுக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்ததை, ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும்போது மற்ற ஷாஃப்ட் ஒன்றே முழுவதுமாக வாங்கும். ஷாஃப்டை மாற்றாமல் லாக்கரை முதலில் போடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

பின் ஆக்சிலை மட்டும் தனியாக மாற்றுவதும் ஆபத்து. முன்னும் பின்னும் விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும். சிஜேயில் பினியன் 8 பல், கிரவுன் 43 பல், அதனால் 5.38. பிற்கால வண்டிகளில் 8க்கு 39 என்றால் 4.88, 11க்கு 47 என்றால் 4.27, 11க்கு 41 என்றால் 3.73. பின்னால் 4.27ம் முன்னால் 5.38ம் வைத்துக்கொண்டு ஃபோர் வீல் போட்டால் இரண்டு ஆக்சிலும் ஒன்றையொன்று எதிர்த்து முறுக்கிக்கொண்டு, கடைசியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும். காயலான் கடையில் திறந்து பார்க்க விடமாட்டார்கள், அதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஆக்சிலை ஸ்டாண்டில் வைத்து ஒரு பக்க ஹப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபக்க ஹப்பைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பினியன் ஃபிளாஞ்சில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு அது எத்தனை தரம் சுற்றுகிறது என்று எண்ணுங்கள். அதுதான் விகிதம். லாக்கர் இருக்கும் ஆக்சிலில் இது சரிவராது.

அடுத்தது, டிஃபரன்ஷியல் உருண்டை இருக்கும் இடம். பழைய ஜீப்பில் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஜாயிண்ட் ஷாஃப்டை வலப்பக்கமாகத் தள்ளி வெளியே விடும், ஆகவே பின் ஆக்சிலின் உருண்டையும் வலப்பக்கம் ஒதுங்கி இருக்கும். உருண்டை நடுவில் உள்ள ஆக்சிலைக் கொண்டுவந்து மாட்டினால் ஜாயிண்ட் ஷாஃப்ட் கோணலாக ஓடி ஆறே மாதத்தில் கிராஸ் பேரிங்குகளைத் தின்றுவிடும். பட்டை உட்காரும் திண்டை வெட்டி மறுபடி பற்றவைக்கும்போது பினியன் தலை எவ்வளவு தூக்கியிருக்க வேண்டும் என்பதை வண்டியின் எடை பட்டையில் இறங்கிய பிறகுதான் பார்க்க வேண்டும். அந்தரத்தில் வைத்துப் பற்றவைத்துவிட்டு, வண்டியை இறக்கியதும் 'உம்'மென்று சத்தம் வருகிறது என்று வந்தவர்கள் பலர். ஒரேயடியாகச் சுற்றிப் பற்றவைத்தால் ஹவுசிங் குழாய் வளைந்துவிடும், அப்புறம் பேரிங்கும் ஆயில் சீலும் மாற்றி மாற்றிக் காசு போகும். கொஞ்சம் வைத்து, ஆறவிட்டு, எதிர்ப்பக்கம் கொஞ்சம் வைத்து வரவேண்டும்.

முறிந்த ஷாஃப்டைப் பற்றவைத்து ஓட்டலாம் என்று சொல்பவரிடம் மட்டும் போகாதீர்கள். 1997க்கு முந்தின வருடம் எனக்கு ஒரு பெரிய ஊரின் பழைய சாமான் கடையில் புதுசு என்று சொல்லி விற்ற ஷாஃப்டில் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. பெயின்டைச் சுரண்டிப் பார்க்கவேண்டும் என்ற அறிவு அன்றைக்கு எனக்கு இல்லை. ஆடி மாதம் முறிந்தது அந்த ஷாஃப்ட்தான்.

கம்பத்துத் தம்பிக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். ஆக்சில் வாங்கப் போனால் கிரவுன் எத்தனை அங்குலம் என்று கேட்பதற்கு முன்னால், ஷாஃப்ட் முறிந்தால் சக்கரம் நிற்குமா என்று கேளுங்கள். ஃபுல் ஃப்ளோட்டிங் ஹப் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் ஃபிளாஞ்ச் சேர்ந்த ஒரே துண்டு ஷாஃப்ட், வெளிமுனையில் பேரிங்கை ஹவுசிங்கோடு சேர்த்துத் தட்டு வைத்து நான்கு போல்ட்டால் இறுக்கியது. அதுவும் செமி ஃப்ளோட்டிங்தான். ஆனாலும் உள்ளே ஸ்ப்ளைன் பக்கம் முறிந்தால் பேரிங்கும் தட்டும் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். நான் போட்டது இந்த இரண்டாவது வகை. முன்னும் பின்னும் ஒரே விகிதத்தில் ஜோடியாகத் தேடி எடுக்க மூன்று மாதம் ஆனது. கூடவே பிரேக்கை இரட்டைச் சர்க்யூட்டாக மாற்றினேன், முன்னால் போனாலும் பின்னால் பிடிக்கும். கை பிரேக்கைப் பின்சக்கர டிரம்முக்கே கொண்டுபோனேன். வீட்டில் இருந்த நகையை அடகு வைத்துத்தான் செய்தேன். அதற்குப் பிறகு வண்டியை விற்கிற வரைக்கும் ஒரு தரம் இடது ஷாஃப்ட் முறிந்தது, உள்முனையில். ஃபோர் வீல் போட்டு மெதுவாக இறக்கிக்கொண்டு வந்தேன். வண்டியில் இருந்தவர்களுக்கு நான் சொல்லும் வரைக்கும் தெரியாது.

ஆனால் இன்று ஒருவர் இதைச் செய்தால் அவர் சட்டத்தின் முன் குற்றவாளியாக நிற்க நேரிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். கண்டபடி உடம்பை வெட்டி, சத்தம் போடும் சைலன்சர் மாட்டி, ஊரை அலறவைக்கும் வண்டிகளைப் பார்க்கும்போது அந்தச் சட்டம் தேவை என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் விரிசல் விட்ட டேப்பர் ஷாஃப்டோடு வருகிற வண்டி, கம்பெனி போட்டபடியே இருக்கிறது என்பதால் எஃப்சி என்ற தகுதிச் சான்றுச் சோதனையில் தேறிவிடுகிறது. பிரேக்கையும் ஆக்சிலையும் பத்திரமாக மாற்றியவர் ஒளிந்து ஓட்ட வேண்டியிருக்கிறது.

நான் கேட்பது இரண்டுதான். மலைப்பாதையில் ஆள் ஏற்றும் பழைய ஜீப்புகளுக்கு எஃப்சி கொடுக்கும்போது பின் ஹப்பைக் கழற்றி ஷாஃப்டில் விரிசல் சோதனை செய்யச் சொல்லுங்கள். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். துடைத்துச் சுத்தம் செய்து சிவப்புச் சாயத்தைத் தெளித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்து, மேலே வெள்ளைப் பொடியை அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்பாக மயிரிழைக் கோடு எழும்பி வரும். வண்டிக்கு ஒரு மணி நேர வேலை. இரண்டாவது, சோதனை செய்து அங்கீகரித்த ஆக்சில், ஹப், பிரேக் செட் இன்னின்னது என்று போக்குவரத்துத் துறை ஒரு பட்டியல் கொடுத்து, அதைப் பொருத்தியவரின் பதிவுச் சான்றில் முறையாக ஏற்றிக்கொடுக்க வழி செய்ய வேண்டும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு, ஏழாயிரம் அடிக்கு மேலே, சூரிய உதயம் பார்க்க ஜீப்பில் போகிறவர்களுக்கும், இந்தப் பக்கம் விடியும் முன்னே தோட்டத்துக்குக் கிளம்பும் பெண்களுக்கும் இது ஒன்றுபோலத் தேவை. மலை இரண்டு மாநிலத்துக்கும் பொது, அதனால் இரண்டு அரசும் சேர்ந்து செய்தால் நல்லது.

கம்பத்துத் தம்பி ஆக்சில் தேடுவதை இப்போதைக்கு நிறுத்திவைத்திருக்கிறார். முதலில் இருக்கிற ஷாஃப்டைக் கழற்றிச் சாயம் போட்டுப் பார்க்கலாம் என்று வருகிற ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். என்னுடைய முறிந்த ஷாஃப்டை எண்ணெய் தடவித் துணியில் சுற்றிப் பட்டறை அலமாரியில் வைத்திருக்கிறேன். அந்தக் கறுத்த முக்கால் பங்கை அவருக்குக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஜீப் ஓட்டுநர்,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.